ஏற்காட்டுப் பனியில் பட்டிங் கிரீன்: ஐப்பசி முதல் பங்குனி வரை முழுமையான வழிகாட்டி

தை பிறந்ததும் ஏற்காட்டில் பங்களாக்காரர்களும் விடுதிக்காரர்களும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள்: "குளிரில் புல் கருகிவிட்டது." முற்றத்துப் புல்தரையைவிட, கோல்ஃப் பந்தை உருட்டிப் பழகக் குழி போட்டு வைத்திருக்கும் சிறிய புல்தரையான பட்டிங் கிரீனில்தான் இது முதலில் கண்ணில் படும். ஒட்ட வெட்டிய புல்லில் எதையும் மறைக்க முடியாது. ஒரு பக்கம் காசு அளவில் வெளுத்த புள்ளிகள், இன்னொரு பக்கம் கறுத்த பாசி, குழியைச் சுற்றி வழுக்கை. உடனே யாராவது ஒரு சட்டி யூரியாவை எடுத்து வீசுவார்கள். மாலையில் குழாயைத் திருப்பி நன்றாக நனைப்பார்கள். இரண்டுமே சேதத்தைப் பெருக்கும் வேலைகள்.

ஏற்காட்டுக் குளிர் புல்லைக் கொல்வதில்லை. அது புல்லின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். வளர்ச்சி நின்ற புல்லின் மேல் நிழலும் ஈரமும் காலடியும், பிறகு தை மாதத்து உலர்காற்றும் சேர்ந்து விழுகின்றன. வளரும் புல் இவற்றையெல்லாம் ஒரே வாரத்தில் சரிசெய்துகொள்ளும். வளராத புல்லால் முடியாது. தையில் கண்ணுக்குத் தெரியும் சேதத்துக்கான காரணங்கள் ஐப்பசியிலேயே அந்த இடத்தில் இருக்கின்றன. ஆகவே வேலையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எது குளிர்ச் சேதம், எது இல்லை

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கை வைத்துக்கொண்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் வெப்பம் ஏறக்குறைய 8 டிகிரி இறங்கியிருக்கும். மார்கழி விடியலில் 12, 13 டிகிரி என்பது இங்கே வழக்கம். நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர்தான். ஆனால் புல்லின் திசு உறைய வேண்டுமானால் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போக வேண்டும்.

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் வடக்கு ஐரோப்பாவிலும் கோல்ஃப் மைதானக்காரர்கள் பேசும் பனிக்காலச் சேதம் வேறு வகை. அங்கே பனிக்கட்டி கிரீனை வாரக்கணக்கில் மூடிவிடும். அடியில் புல் மூச்சுத் திணறும். அங்குள்ள கிரீன்களில் வளரும் போவா வகைப் புல் இரண்டு மாதங்களுக்குள் செத்துவிடும். இன்னொரு குளிர்நாட்டுப் புல்லான பென்ட் நான்கு மாதம் வரைகூடத் தாங்கும். குளிர்காலக் கடைசியில் பகலில் பனி உருகி, புல்லின் கழுத்துப் பகுதி தண்ணீரைக் குடித்து ஊதியிருக்கும் நேரத்தில் இரவு மீண்டும் உறைந்தால், உள்ளே பனிப்படிகம் வளர்ந்து திசுவைக் கிழித்துவிடும். பனிக்கு அடியிலேயே பரவும் பூஞ்சைகளும் உண்டு. கிரீனுக்குப் போர்வை போடுவது, பனிக்கட்டியை உடைத்து அகற்றுவது போன்ற ஆலோசனைகள் அந்த ஊர்களுக்கு உரியவை. அவற்றைப் படித்துவிட்டு ஏற்காட்டில் இரவுதோறும் தார்ப்பாய் விரிப்பவர்கள் ஈரத்தைப் பூட்டி வைத்துப் பூஞ்சையைத்தான் வளர்க்கிறார்கள்.

உதகை நடுவில் நிற்கிறது. அங்கே உறைபனி விழும்; உறைந்த புல்லை மிதித்தால் இலையின் உயிரணுக்கள் நொறுங்கி, மறுநாள் காலடித் தடம் கறுப்பாகத் தெரியும். வெயில் ஏறிப் பனி தானாகக் கரையும்வரை காத்திருப்பதே அங்கே முதல் விதி. ஏற்காட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வெறும் பனித்துளி. ஆனாலும் ஏரியைச் சுற்றியுள்ள பள்ளத்தையும் சரிவின் அடிவாரத்தையும் தனியாகக் கவனியுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கும். மேட்டில் இருக்கும் கிரீனைவிட அங்கே புல் முன்னதாகத் தூங்கிப் பின்னதாக எழும்.

உங்கள் புல் எது

இங்குள்ள பட்டிங் கிரீன்களில் இருப்பது பெரும்பாலும் பெர்முடா, அதாவது நம் அருகம்புல்லின் குடும்பம். டிஃப்ட்வார்ஃப் என்ற ரகம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1965இல் வெளிவந்தது. பிறகு வந்த டிஃப்ஈகிள் போன்ற ரகங்கள் இன்னும் குட்டையானவை. எல்லாமே சோளம், கரும்பு போல வெயில் தேடும் இனம். 27 முதல் 35 டிகிரி வரை இவற்றுக்குக் கொண்டாட்டம். மண் 18 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி தளரும். 10 டிகிரியை நெருங்கினால் பழுத்துத் தூங்கிவிடும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஏற்காட்டில் புல் முழுதாகத் தூங்குவதும் இல்லை, விழித்திருப்பதும் இல்லை. நிறம் பச்சையாகவே இருப்பதால் விழித்திருக்கும் புல்லை நடத்துவதுபோலவே நடத்துகிறோம்: அதே உயரத்தில் வெட்டுகிறோம், அதே அளவு மிதிக்கிறோம், அதே உரம் போடுகிறோம். ஒரு மண் வெப்பமானி வாங்கி, காலை 9 மணிக்கு 5 செ.மீ. ஆழத்தில் செருகிப் பாருங்கள். தொடர்ந்து ஒரு வாரம் 18க்குக் கீழே காட்டினால், நிறம் என்னவாக இருந்தாலும் புல் ஓய்வில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையில் லேசான ஊதாச் சாயல் வந்தால் பயப்பட வேண்டாம். குளிரும் வெயிலும் சேரும்போது வரும் நிறம் அது, நோய் அல்ல.

நர்சரிகளில் கொரியன் புல், மெக்சிகன் புல் என்று விற்பது சோய்சியா இனம். நிழலையும் குளிரையும் பெர்முடாவைவிடச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் காயம் ஆற மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். பென்ட் புல் விதையை வரவழைத்துப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். மார்கழியில் அழகாக இருக்கும்; கோடை வெயிலும் அதை அடுத்து வரும் மழைக்கால ஈரப்புழுக்கமும் அதைப் படுக்கவைத்துவிடும்.

புரட்டாசி, ஐப்பசி: நிழலை அளந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஏற்காடு வடக்கே சுமார் 11.8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே விழும். டிசம்பர் கடைசியில் அதே நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அப்போது நிழலின் நீளம் மரத்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு. 20 மீட்டர் சில்வர் ஓக் மரம் 14 மீட்டர் நிழலை வடக்கே நீட்டும். ஆகஸ்ட் மாதம் கிரீனைத் தொடவே தொடாத மரம், மார்கழியில் பாதி கிரீனை மூடியிருக்கும். "சென்ற வருடம் இதே இடத்தில் நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்பவர்கள் மரம் ஒரு வருடம் வளர்ந்திருப்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

நடுப்பகல் நிழலைவிடக் காலை நிழல் கொடியது. மார்கழியில் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை. தென்கிழக்கில், கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி எழுகிறது. அந்தத் திசையில் நிற்கும் மரங்கள்தாம் பனித்துளி உலர்வதை மணிக்கணக்கில் தள்ளிப்போடுகின்றன. மூடுபனி விலகவே பல நாட்களில் ஒன்பது, பத்து மணி ஆகிவிடும் ஊரில் அதற்கு மேலும் இரண்டு மணி நேர நிழல் என்றால், புல்லுக்கு மிஞ்சுவது என்ன? பெர்முடாவுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர நேரடி வெயில் வேண்டும். ஆறுக்குக் கீழே போனால் மெலியத் தொடங்கும்.

அளப்பது எளிது. தெளிவான ஒரு நாளில் காலை 8 முதல் மாலை 4 வரை மணிக்கொரு முறை ஒரே இடத்திலிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். நிழலின் விளிம்பில் முளையடித்து நூல் கட்டுங்கள். சிலர் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறார்கள். கிரீனின் மேல் அதைச் செய்யாதீர்கள், மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். நவம்பர் 22 அன்று நிழல் எங்கே விழுகிறதோ, ஜனவரி 20 வாக்கிலும் அங்கேயே விழும்; நடுவில் உள்ள இரண்டு மாதங்களிலும் அதைவிட நீளமாக இருக்கும். ஆகவே கார்த்திகைத் தொடக்கத்தில் எடுத்த ஒரு நாள் படம் பனிக்காலம் முழுவதற்குமான கதையைச் சொல்லிவிடும்.

அடுத்தது கவாத்து. காபித் தோட்டத்தில் நிழல் மரங்களை எப்போது கழிப்பது என்பதற்குத் தனி முறை இருக்கிறது. காபிச் செடிக்கு நிழல் வேண்டும், உங்கள் கிரீனுக்கு வேண்டாம். தோட்ட மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசித் தென்கிழக்கிலும் தெற்கிலும் உள்ள நாலைந்து மரங்களின் கீழ்க்கிளைகளை மட்டும் ஏற்றிக் கழிக்கச் சொல்லுங்கள். மரத்தையே வெட்டுவது வேறு விஷயம்: தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, அனுமதியில்லாமல் கோடாலி எடுக்காதீர்கள். பெரும்பாலும் வெட்டத் தேவையும் இருக்காது. கிரீனைச் சுற்றி உண்ணிச்செடிப் புதரும் நெருங்கிய வேலிச்செடியும் இருந்தால் அவற்றை இடுப்பளவுக்குக் குறைப்பதே காற்றோட்டத்துக்குப் பெரிய உதவி.

மழைக்கு முன் வடிகாலும் வெட்டு உயரமும்

வடகிழக்குப் பருவமழை வந்த பிறகு வடிகால் வெட்ட முடியாது. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முறைப்படி கட்டிய கிரீனில் 30 செ.மீ. மணல், அதன் கீழே 10 செ.மீ. சரளை, அதனடியில் குழாய் இருக்கும். பங்களா முற்றத்துக் கிரீன்களில் பெரும்பாலும் செம்மண்ணின் மேல் கொஞ்சம் மணல்தான். பலத்த மழை நின்று அரைமணி கழித்து நடந்து பாருங்கள். எங்கே காலடியில் தண்ணீர் கசிகிறதோ, அங்கேதான் தையில் பாசி பிடிக்கும். அந்த இடங்களில் கார்டன் ஃபோர்க்கை 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, லேசாக அசைத்து எடுங்கள். ஒரு சாண் இடைவெளியில் ஒரு குத்து போதும். மண்ணைக் குழலாக வெளியே எடுக்கும் துளையிடலை ஆவணியோடு முடித்துவிட வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு போட்ட துளை பங்குனிவரை ஆறாமல் கிடக்கும்.

வெட்டு உயரத்தைப் புரட்டாசிக் கடைசியிலேயே ஏற்றுங்கள். 4 மி.மீ. வைத்திருப்பவர்கள் 5.5க்கும், 8 மி.மீ. வைத்திருப்பவர்கள் 11, 12க்கும் போகலாம். மார்கழியில் ஏற்றிப் பயனில்லை. அப்போது கூடுதல் இலையை வளர்க்கப் புல்லிடம் சக்தி இருக்காது. உயரம் கூடினால் பந்தின் ஓட்டம் குறையும் என்று ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். வாரம் இருமுறை, தரை உலர்ந்திருக்கும்போது லேசான உருளையை ஓட்டினால் பெரும்பகுதி வேகம் திரும்பிவிடும். கத்தியின் கூர்மை இந்த மாதங்களில் இரட்டிப்பு முக்கியம்: கிழிந்த இலைநுனி பூஞ்சைக்குத் திறந்த வாசல்.

உரத்தில் கைகட்டிக்கொள்ளுங்கள். 100 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 1,075 சதுர அடிக்கு, ஐப்பசியில் ஒருமுறையும் கார்த்திகைத் தொடக்கத்தில் ஒருமுறையும் அரைக்கிலோ அம்மோனியம் சல்பேட்டும் அரைக்கிலோ சல்பேட் ஆஃப் பொட்டாஷும் போதும். தூவிய உடனே தண்ணீர் விட்டு இலையிலிருந்து கழுவிவிடுங்கள். கார்த்திகை நடுவுக்குப் பிறகு தழைச்சத்து வேண்டாம். அது மென்மையான இலையை வளர்க்கும், அதைப் பூஞ்சை தின்னும். நிறம் மங்கலாக இருக்கிறதே என்று மனம் அடித்துக்கொண்டால், 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் இரும்பு சல்பேட்டைக் கரைத்து அதே 100 சதுர மீட்டருக்குத் தெளியுங்கள். நிறமும் வரும், பாசியும் கறுத்து ஒடுங்கும். கல்தளத்தில் பட்டால் துருக்கறை போகாது, கவனம்.

மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுண்ணாம்பு இடாதீர்கள். சேர்வராயன் மலையின் செம்மண் அமிலப் பக்கம் சாய்ந்தது என்பதால் காபிக்குச் சுண்ணாம்பு இடுகிறார்கள். பெர்முடாவோ லேசான அமில மண்ணிலேயே நிறைவாக வளரும். சேலம் மாவட்டத்துச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மார்கழிக் காலை

விடிந்ததும் கிரீனில் முழங்காலிட்டுப் பாருங்கள். இலைநுனியில் நிற்கும் முத்துகள் எல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒரு பகுதி புல்லே இரவில் நுனிவழியாக வெளியேற்றிய சாறு. அதில் சர்க்கரையும் சத்துகளும் கலந்திருக்கும். விரலால் தொட்டால் வெறும் தண்ணீரைவிடச் சற்றுப் பிசுபிசுக்கும். பூஞ்சைக்கு அது காலைச் சாப்பாடு. இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்பதுதான் நோயின் அளவைத் தீர்மானிக்கிறது.

அதனால் பனி தட்டுவதுதான் மார்கழியின் முதல் வேலை. இருவர் எதிரெதிரே நின்று நீளமான குழாயையோ கயிற்றையோ கிரீனின் குறுக்கே இழுத்துக்கொண்டு போகலாம். ஒரே ஆள் என்றால் வளையும் மூங்கில் கழியைத் தரையோடு வீசி வீசித் தட்டலாம். நான் பார்த்த ஒரு பங்களாவில் வயதான தோட்டக்காரர் இதை அரைமணிக்குள் முடித்துவிடுவார். விருந்தாளியாக வந்திருந்த இளைஞர் ஒருவர் விடிந்ததும் விடியாததுமாகப் பந்தோடு இறங்கியபோது அவர் சொன்னது: "தம்பி, கொஞ்சம் பொறுங்க. நான் தட்டி முடித்து, வெயில் ஒரு சுற்று பட்டதும் ஆடலாம். இப்போது மிதித்தால் நோய் உங்கள் செருப்போடு மேலே இருந்து கீழே வரும்." உண்மைதான், ஈரமான இலையிலிருந்து பூஞ்சை இழைகள் செருப்பிலும் வெட்டும் இயந்திரத்திலும் ஒட்டிப் பயணிக்கும். அதே காரணத்துக்காக, நோய் கண்ட பகுதியைக் கடைசியில் வெட்டி, இயந்திரத்தைக் கழுவி வையுங்கள். வெட்டியது பனியோடு சேர்ந்து கட்டிகட்டியாகக் கிடந்தால் வாரி எடுத்துவிடுங்கள்.

மிதி அடுத்த பிரச்சினை. குழியின் இடத்தை வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை மாற்றுபவர்கள்கூட, கூட்டம் குறைவு என்று பனிக்காலத்தில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். ஆறாத புல்லில் குழியை அடிக்கடி நகர்த்த வேண்டும். பள்ளிவிடுமுறையும் பொங்கல் விடுமுறையும் சேர்ந்து மலை நிரம்பும் நாட்களில், நிழல் விழும் பகுதியைக் கயிறு கட்டி மூடிவிடலாம்.

காட்டெருமை வரும் இடமாக இருந்தால் குளம்புத் தடங்கள் இருக்கும். பள்ளத்தின் அடியிலிருந்து மண்ணை நெம்பித் தூக்காதீர்கள், வேர் அறுந்துவிடும். விளிம்பில் கார்டன் ஃபோர்க்கின் முள்ளைச் சாய்த்துக் குத்தி, சுற்றிலுமிருந்து நடுப்பக்கமாகத் தள்ளுங்கள். பிறகு காலால் அழுத்தி, குறைகிற இடத்தில் மணல் போடுங்கள். பன்றி தோண்டியிருந்தால் அடியில் வேர்ப்புழு இருக்கிறதா என்று பாருங்கள். புல்லைக் கையால் இழுத்தால் பாய்போல உரிந்து வந்தால் பெரும்பாலும் புழுதான் காரணம். அதைப் பனிமேல் சுமத்த வேண்டாம்.

புள்ளிகளைப் படிப்பது

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் விடியற்காலையில் ஒருமுறை பாருங்கள். பத்து மணிக்கு மேல் எல்லா நோயும் ஒரே வைக்கோல் நிறத்தில்தான் தெரியும்.

ஒட்ட வெட்டிய புல்லில் 2 முதல் 5 செ.மீ. அகலத்தில், ஒரு நாணயம் வைத்து அழுத்தியதுபோல் வெளுத்த வட்டங்கள் இருந்தால் அது டாலர் ஸ்பாட். காலை ஈரத்தில் அதன்மேல் வெண்பஞ்சு இழைகள் தெரியும். சிலந்திவலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: சிலந்திவலை இலைநுனிகளின்மேல் தட்டையாக விரிந்திருக்கும், விரலால் தூக்கினால் ஒரே தாளாக வரும், பூஞ்சை இழை இலைகளுக்கு நடுவில் பின்னிக்கிடக்கும், வெயில் பட்டதும் காணாமல் போகும். விளிம்பிலிருந்து ஒரே ஒரு இலையைப் பிடுங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிர்ந்த பட்டை இலையின் குறுக்கே ஓடி, இரு ஓரத்திலும் செம்பழுப்புக் கரையோடு, நடுவில் உடுக்கைபோல் இடை குறுகியிருக்கும். இதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இந்த நோய் பட்டினி கிடக்கும் புல்லை விரும்புகிறது. கார்த்திகை நடுவுக்குப் பிறகு தழைச்சத்து வேண்டாம் என்றேன். இதற்கு மட்டும் விலக்கு உண்டு. 250 கிராம் அம்மோனியம் சல்பேட்டை நிறையத் தண்ணீரில் கரைத்து 100 சதுர மீட்டருக்குத் தெளித்துக் கழுவிவிடுங்கள். அதோடு பனி தட்டுவதைத் தவறாமல் செய்தால் ஏற்காட்டில் பெரும்பாலான டாலர் ஸ்பாட் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ப்ரோபிகோனசோல் போன்ற மருந்தை லேபிளில் உள்ள அளவில் ஒருமுறை. அதையே திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். ஒரே வகை மருந்துக்குப் பூஞ்சை பழகிவிடும் என்பது ஒரு காரணம். இந்த வகை மருந்துகள் புல்லின் வளர்ச்சியையும் குறைக்கும் என்பது இன்னொன்று. ஏற்கெனவே நின்றுபோன புல்லுக்கு மேலும் ஒரு கட்டை. கிரீனிலிருந்து வடியும் தண்ணீர் எந்த ஓடைக்கு, எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்றும் தெரிந்துகொண்டு தெளியுங்கள்.

வட்டமில்லாமல் திட்டுத் திட்டாக மெலிந்து, இலையில் ஊதாப் பழுப்புப் பொட்டுகள் இருந்தால் இலைப்புள்ளி நோய். வெயிலே தெரியாத மூடுபனி வாரங்களுக்குப் பிறகு வரும். பொட்டாஷ் குறைவான இடத்தில் அதிகம். வெட்டு உயரத்தை இன்னும் ஒரு மில்லிமீட்டர் ஏற்றுங்கள்.

கறுப்பாக, வழவழவென்று, காய்ந்தால் அப்பளம்போல் வெடித்து உரியும் படலம் பாசி. பாசி புல்லைக் கொல்வதில்லை. புல் ஏற்கெனவே விட்டுப்போன இடத்தில் குடியேறுகிறது. படலத்தை முள்ளால் குத்தி உடைத்து, மெலிதாக மணல் தூவுங்கள். வெயில் வராமல் அது நிரந்தரமாகப் போகாது.

தை, மாசி: இப்போது எதிரி வறட்சி

மழை நின்று, வானம் தெளிந்து, பகல் காற்று உலரத் தொடங்கும் இந்த வாரங்களில்தான் பெரும்பாலான உண்மையான சாவு நடக்கிறது. ஈரக்காலத்தில் வேர் மேலேயே தங்கிவிட்டது. மேல்மண் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடுகிறது. இரவில் பனித்துளி விழுவதால் ஈரம் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். பேனாக்கத்தியால் ஒரு விரல் ஆழத்துக்கு மண்ணைக் கீறிப் பாருங்கள். மேலே ஈரம், கீழே தூள் என்றால் புல் தாகத்தில் இருக்கிறது.

மூன்று நாளைக்கு ஒருமுறை 8 மி.மீ. கொடுங்கள். 100 சதுர மீட்டருக்கு 1 மி.மீ. என்றால் 100 லிட்டர். ஆக ஒரு முறைக்கு 800 லிட்டர். மணல் கிரீன் என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை 5 மி.மீ. போதும். தெளிப்பான் எவ்வளவு தருகிறது என்று அறிய, நேர்ச்சுவருள்ள காலி டப்பாக்களைக் கிரீனில் பரப்பிவைத்து, கால்மணி ஓடவிட்டு, ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். நேரம் காலை, பனி தட்டிய பிறகு. மாலை நீர் இந்த ஊரில் கூடவே கூடாது.

தண்ணீர் விட்டும் சில திட்டுகள் நனையாமல் முத்துமுத்தாக உருண்டோடும். மணல்துகளின்மேல் மெழுகுப் படலம் படிந்த இடம் அது. குத்தி, கையால் மெதுவாக, விட்டுவிட்டு ஊற்றித்தான் ஈரத்தை இறக்க வேண்டும்.

உயிர் இருக்கிறதா: சேலத்து மொட்டைமாடிச் சோதனை

பழுத்த புல் எல்லாம் செத்த புல் அல்ல. மாசி முதல் வாரத்தில் அவசரப்பட்டுக் கொத்திவிடுகிறவர்கள் தங்கள் கிரீனில் உயிரோடு இருந்ததையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறார்கள்.

குளிர்நாடுகளில் கிரீனிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துச் சூடான அறைக்குள் வைத்துத் துளிர்க்கிறதா என்று பார்ப்பார்கள். நமக்கு அந்த அறை தேவையில்லை, 30 கி.மீ. கீழே சேலம் இருக்கிறது. தை முடிவில், 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டை மண்ணில் அழுத்தித் திருகி, 8 செ.மீ. ஆழத்துக்குப் புல்லும் மண்ணுமாக எடுங்கள். நிழல் பக்கத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, மோசமான திட்டிலிருந்து ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடத்திலிருந்து ஒன்று. தொட்டியில் வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி, சேலத்தில் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடியில் முழு வெயிலில் வைக்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் ஒரு குவளைத் தண்ணீர். பத்து, பதினான்கு நாளில் விடை தெரிந்துவிடும்.

துளிர் தொட்டியின் பரப்பில் பாதிக்கு மேல் வந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள், தானே எழும். அங்கங்கே நாலு துளிர் என்றால் வேறு இடத்துப் புல்துண்டை வைத்து ஒட்டுப்போட வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் புதிதாகப் பதிக்க வேண்டும். சேலம் போக வழியில்லாதவர்கள் தரையோடு படர்ந்து செல்லும் ஓடுதண்டைக் கிள்ளிப் பார்க்கலாம்: உள்ளே வெண்மையும் விறைப்பும் இருந்தால் உயிர்; பழுப்பும் நசநசப்பும் இருந்தால் போய்விட்டது.

பங்குனி: ஒட்டுப்போடுவது

காலை மண் வெப்பம் ஒரு வாரம் தொடர்ந்து 18 டிகிரியைத் தாண்டும்வரை காத்திருங்கள். பெரும்பாலும் மாசிக் கடைசி. மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்குள் கிரீன் தயாராக வேண்டுமென்றால், மார்ச் நடுவில் தொடங்கினாலும் எட்டு வாரம் கிடைக்கிறது. பெர்முடாவுக்கு அது போதும்.

காசு அளவுப் புள்ளிகளுக்கு ஒட்டு தேவையில்லை. வெயில் ஏறியதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 100 சதுர மீட்டருக்கு அரைக்கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளித்து, தண்ணீர் விட்டால் சுற்றிலுமிருந்து ஓடுதண்டு வந்து மூடிவிடும். உள்ளங்கையைவிடப் பெரிய வழுக்கைகளுக்கு, கிரீனின் ஓரத்திலிருந்தோ தனியாக வளர்த்த நாற்றங்காலிலிருந்தோ அதே ரகத்தை எடுத்து வையுங்கள். வயல் அருகம்புல்லைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். நிறமும் தடிமனும் வேறாகி, பந்து அந்த இடத்தில் துள்ளும். துண்டின் மேற்பரப்பு சுற்றியிருப்பதைவிட ஒரு நூல் தாழ்வாக இருக்கட்டும். உயரமாக இருந்தால் முதல் வெட்டிலேயே உரிந்துவிடும்.

பெரிய பரப்பு என்றால் ஓடுதண்டுகளை இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டித் தூவி, உருளையால் அழுத்தி, மேலே 3 மி.மீ. மணல். முதல் இரண்டு வாரம் மட்டும் ஒரு நாளில் மூன்று நான்கு முறை லேசாக நனைக்கலாம், மாலை நான்குக்குள் நிறுத்திவிட வேண்டும்.

மணல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 100 சதுர மீட்டருக்கு 3 மி.மீ. என்பது சுமார் பத்தரை கன அடி, ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். எம்-சாண்ட் துகள் கூர்முனையுள்ளது, தூளும் அதிகம். அதைத்தான் போட வேண்டியிருந்தால் 2 மி.மீ. சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை கழுவிப் போடுங்கள். கிரீனில் ஏற்கெனவே உள்ள மணலின் பருமனோடு ஒத்திருப்பது முக்கியம். அடுக்கு மாறினால் தண்ணீர் இடையில் நின்றுவிடும். அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டிய மண்ணை மலிவாகக் கிடைக்கிறதென்று ஏற்றி வராதீர்கள். வெள்ளைக்கல் என்பது மக்னீசியம் கார்பனேட். மண்ணைக் காரமாக்கி, புல் பொட்டாஷையும் கால்சியத்தையும் எடுப்பதைக் கெடுக்கும்.

ஒட்டிய இடங்களைச் சுற்றிக் கயிறு கட்டி மூன்று வாரம் மூடுங்கள். வெட்டு உயரத்தைப் பத்து நாளைக்கு அரை மில்லிமீட்டர் வீதம் இறக்குங்கள். குழல் எடுக்கும் துளையிடலைச் சித்திரையில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே இடம் தொடர்ந்து இரண்டு பனிக்காலம் செத்தால், மூன்றாம் முறை ஒட்டுப்போட வேண்டாம். கார்த்திகையில் எடுத்த நிழல் படத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நூல் கட்டிய கோடும் செத்த இடத்தின் விளிம்பும் ஒன்றாகவே இருக்கும். கிரீனின் விளிம்பை அந்தக் கோட்டுக்கு உள்ளே இழுத்து, வெளியே விட்ட பகுதியில் கொரியன் புல்லைப் பதித்து 15 மி.மீ. உயரத்தில் வெட்டுங்கள். இழந்த பரப்பை வடமேற்குப் பக்கம், வெயில் விழும் இடத்தில் நீட்டிக்கொள்ளலாம். அதற்கான மண்வேலையைச் சித்திரையிலேயே தொடங்கினால், அடுத்த ஐப்பசிக்குள் புதிய புல் வேர்பிடித்துவிடும்.